சொத்தை வாளி

ஆகஸ்ட் 11, திங்கள்

காஸ் ஏஜென்சியில் பொங்கலுக்குக் கொடுத்த டைரி. ஏழு மாதமாக கிரைண்டர் பக்கத்தில் கிடந்து அட்டையில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிவிட்டது. இன்று இவர்தான் துடைத்துக் கையில் கொடுத்தார். "நாள் பூரா லிஸ்ட்ட வாயில மொனகிட்டே சுத்தறே. எழுதீட்டாவது ஒரு எடத்துல உக்காரு குமுதா" என்றார். இவர் என்றால் என் வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தி. எங்கள் சமையல் வண்டியை ஓட்டுவதும் இவரே. வாய் பேசாத மனிதர். ஒன்று சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

உட்கார்ந்து எழுதவில்லை. அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றபடி எழுதுகிறேன்.

இன்று வந்தவர் டாக்டர் பத்மநாபன். நூற்றிருபது படுக்கை உள்ள ஆஸ்பத்திரி வைத்திருக்கிறார். இருபத்தெட்டாம் தேதி மகள் கல்யாணம், ஆயிரத்து நானூறு இலை. கோயம்புத்தூரில் நூறு சமையல்காரர்கள் இருக்கும்போது எங்கள் 'தளிர் சமையல்' ஷெட்டைத் தேடி வந்ததற்குக் காரணம் அட்டை. நாங்கள் பந்தியில் நாலு இலைக்கு ஒன்றாக ஒரு அட்டை வைப்போம். எந்தப் பதார்த்தத்துக்கு யார் காட்டுக் காய் என்று அதில் பேர் இருக்கும். செங்காட்டுப்புதூரில் மருந்தடிக்காமல் வெள்ளாமை செய்கிற ஏழு பேர் குழு ஒன்று இருக்கிறது. ஒன்பது வருஷமாகக் காய் அவர்களிடம்தான். விதை போடும்போதே விலை பேசி முடித்துவிடுவோம், அப்புறம் ஏறினாலும் இறங்கினாலும் பேச்சு மாறாது. காபித்தூள் மலையில் இருக்கிற பழங்குடிச் சங்கத்தில் வாங்குகிறோம்.

கல்யாணம் நன்றாக அமைந்தால் அக்டோபர் முதல் ஆஸ்பத்திரிச் சமையல் முழுவதும் நமக்கே என்றார் டாக்டர். தினமும் மூன்று வேளை, வருஷம் பூராவும். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் என் பெண்களை வேலை இல்லை என்று திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. எனக்குக் கை கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

செங்காட்டுப்புதூர் போய் வந்தேன். எண்ணெய்க் கத்தரிக்காய்தான் நமக்குப் பேர் வாங்கித் தந்த பதார்த்தம். அதற்குக் காய் மயிலாத்தாள் காட்டில். பத்து சென்ட், அறுநூறு செடி, ஊதாவில் வெள்ளைக் கீற்றுப் போட்ட சின்னக் காய். மயிலக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒண்டியாகப் பாடுபடுகிறவள். செடி நடுவில் குனிந்தால் மத்தியானம் வரை நிமிர மாட்டாள்.

"ஆயிரத்தி நானூறு எலைக்கு நூத்திப்பத்துக் கிலோ வேணும்க்கா, ரெண்டு பறிப்புல" என்றேன்.

"குடுத்துப் போடலாம் அம்மிணி. பூ நல்லாத்தான் நிக்குது."

சீட்டுப் புத்தகத்தில் பத்துச் சீட்டில் கையெழுத்து வாங்கி வந்தேன். காய் வந்தால் எத்தனை கிலோ என்று எழுதி விளைவித்தவர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது குழுவின் சட்டம். வண்டி போகிற நேரத்தில் அவள் காட்டு நடுவில் நிற்பாள். வந்து கை கழுவிக் கையெழுத்துப் போடுவதற்குள் அரை மணி போய்விடும். அதனால் வெறும் சீட்டிலேயே முன்கூட்டிப் போட்டுக் கொடுத்துவிடுகிறாள். மூன்று வருஷமாக இப்படித்தான்.

ஆகஸ்ட் 16, சனி

டாக்டர் வீட்டம்மா போன் செய்தார். மாப்பிள்ளை வீட்டில் ஆள் கூடிவிட்டதாம். ஆயிரத்தெண்ணூறு இலை. "முடியுமாங்க?" என்றார். அவர் கேட்டு முடிப்பதற்குள் முடியும் என்று சொல்லிவிட்டேன். வாசலில் ஒவ்வொரு விவசாயியின் போட்டோவும் அவர்கள் கொடுத்த சீட்டும் ஒட்டி ஒரு போர்டு வைக்கலாம் என்று நான்தான் யோசனையும் சொன்னேன். அந்தம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

இலைக்கு இரண்டு காய். நூற்று நாற்பது கிலோவாவது வேண்டும். மயிலக்காவிடம் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

மயிலக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. அட்டை அச்சுக்குப் போய்விட்டது. மத்தியானத்திலிருந்து மழை.

ஆகஸ்ட் 21, வியாழன்

நாலு நாளாக மழை. ஷெட் ஓட்டில் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. குண்டான் வைத்திருக்கிறேன். இவர் ஏணி போட்டு ஏறுகிறேன் என்றார். ஈரத்தில் வழுக்கி விழுந்தால் வண்டி யார் ஓட்டுவது என்று சத்தம் போட்டேன். பிறகு நானே ஏறினேன்.

ஆகஸ்ட் 23, சனி

மயிலக்கா போன்.

"அம்மிணி, பூவெல்லாம் உதுந்து போச்சு. நாப்பது அம்பது கிலோ வந்தாப் பெருசு. எல்லாத்து காட்டுலயும் பீர்க்கங்கா கொத்துக் கொத்தாத் தொங்குது. அத ஆக்கீரு."

"அட்டை அடிச்சாச்சுக்கா."

"அட்டையத்தானே அடிச்சே. இன்னொண்ணு அடிச்சாப் போவுது."

எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள். டாக்டர் இரண்டு முறை சாப்பிட்டுப் பார்த்து இதுதான் வேண்டும் என்று கேட்ட பதார்த்தம். பீர்க்கங்காய்க் கூட்டை முதல் பந்தியில் வைத்துவிட்டு ஆஸ்பத்திரி கேட்கப் போக முடியுமா? ஒன்பது வருஷமாக இவர்கள் மழைக்கும் வெயிலுக்கும் நான்தான் வளைந்து கொடுத்திருக்கிறேன். தக்காளி ஒரே நாளில் பழுத்துக் குவிந்தபோது மூன்று நாள் தொக்குக் கிண்டினது யார்? ஒரு தடவை எனக்காக அவர்கள் வளைந்தால் என்ன? கோபத்தில் போனை வைத்துவிட்டேன். ஆயிரத்தெண்ணூறு என்பதை அப்போதும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது?

ஆகஸ்ட் 25, திங்கள்

கத்தரிக்காய்க்கு வழி ஆகிவிட்டது. அதைப் பற்றி இனி எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

மண்டபத்துக்கு வந்தாயிற்று. வண்டி இன்று மூன்று நடை. தேங்காய் முந்நூறு. வெல்லத்தில் கல் இருந்தது, இரண்டு முறை வடிகட்டினோம். அரிசி களைய ஆள் போதாமல் நானும் உட்கார்ந்தேன். உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் எழுந்துவிட்டேன்.

காய் நறுக்குகிற எட்டுப் பெண்களுக்குத் தலைவி கலாமணி. கத்தரிக்காய் என்றால் அவர்களுக்கு வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஒவ்வொரு காயையும் காம்போடு நாலாகக் கீறி, விரித்து, உள்ளே புழு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மருந்தடிக்காத காயில் பத்துக்கு ஒன்றாவது சொத்தை இருக்கும். அதைப் போடுவதற்கென்றே ஒரு நீல வாளி. நிறைய நிறையக் கொண்டுபோய் மண்டபத்து வாட்ச்மேனின் ஆட்டுக்குக் கொட்டுவோம். அந்த ஆட்டுக்கு எங்கள் வண்டிச் சத்தம் தெரியும்.

ஐந்து மணிக்கு முடியும் என்று நினைத்த வேலை மூன்று மணிக்கே முடிந்துவிட்டது. கலாமணி வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினாள். அடி தெரிந்தது.

"என்னக்கா, மொத மூணு கூடையிலதான் சொத்த. அப்பறம் ஒரு புழுவக் கூடக் காணம்?"

"மழைக்குச் செத்திருக்கும்."

"மழைக்குங்களா" என்றாள். வாளியை இறக்கி வைத்தாள். பிறகு கொத்தமல்லி ஆயப் போய்விட்டாள்.

சாயங்காலம் போர்டு ஒட்டினோம். சீட்டில் எல்லாம் எழுதி முடித்தேன். மயிலக்காவின் போட்டோ அழகாக வந்திருக்கிறது, முந்தானையில் கத்தரிக்காய் ஏந்திக்கொண்டு சிரிக்கிறாள். போட்டோவுக்குக் கீழே சீட்டு. கத்தரி, 142 கிலோ.

ஆகஸ்ட் 28, வியாழன்

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. எங்கேயும் குறை இல்லை. ரசம் ஒரு பந்திக்குக் கொஞ்சம் நீர்த்துப் போனது, யாரும் கவனிக்கவில்லை. எண்ணெய்க் கத்தரிக்காயை மூன்றாம் முறை கேட்டு வாங்கினவர்கள் உண்டு.

முதல் பந்தியில் விவசாயிகளை உட்கார வைப்பது எங்கள் வழக்கம். ஏழு பேரும் வேட்டி சேலை மாற்றி வந்திருந்தார்கள். டாக்டரே வந்து ஒவ்வொருவருக்கும் கும்பிடு போட்டார். குழுத் தலைவர் திருமலைசாமி முன்னாள் கணக்கு வாத்தியார். ரிட்டயர் ஆகி எட்டு வருஷம் ஆகியும் எதையாவது எண்ணாமல் இருக்க மாட்டார். பந்தியில் இலைகளை எண்ணினார், எத்தனை பந்தி என்று கேட்டார், வாசல் போர்டைப் போனில் படம் பிடித்துக்கொண்டார்.

"எலைக்கு ரெண்டு காயிங்களா அம்மிணி? அப்ப மூவாயிரத்தி அறுநூறு காயி" என்று சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தார். பிறகு பாயசம் முடிகிறவரை விரலை மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

மயிலக்கா இலையில் இரண்டு கத்தரிக்காயும் அப்படியே இருந்தன. ஒன்றை மட்டும் விரலால் பிட்டுப் பார்த்து ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தாள். சோறு, கூட்டு, அப்பளம் எல்லாம் காலி.

"ஏனுங்க்கா, காயத் தொடலையா?"

"பல்லு வலி அம்மிணி" என்றாள்.

அப்பளம் சாப்பிட்டவளுக்குப் பல் வலி. எனக்கு ஆயிரம் வேலை, நான் நகர்ந்துவிட்டேன்.

டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டு, "செப்டம்பர் பதினஞ்சு திங்கக்கிழமை வந்து அக்ரிமென்ட்ல கையெழுத்துப் போட்டுடுங்க" என்றார். இதற்குத்தானே இவ்வளவும்.

ஆகஸ்ட் 30, சனி

பாத்திரங்கள் எல்லாம் கழுவிக் கவிழ்த்தாயிற்று. கவிழ்த்ததை மறுபடி எடுத்துக் கழுவினேன். கலாமணி பார்த்துக்கொண்டே இருந்தாள். நீல வாளியைக் கண்ணில் படாமல் லாஃப்டில் தூக்கிப் போடச் சொன்னேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

திருமலைசாமி போன். "மயிலாத்தா காட்டுக் கத்தரி உங்களுக்கு எத்தன கிலோ வந்துச்சுங்க?"

"சீட்டுல இருக்கறதுதானுங்க."

"சரிங்க அம்மிணி" என்று வைத்துவிட்டார். நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை. சீட்டில் இருப்பது சீட்டில் இருக்கிறது.

செப்டம்பர் 4, வியாழன்

ஒரு வளைகாப்புக்கு அவரைக்காய் எடுக்கப் போன இவர் சேதியோடு வந்தார். குழு ஆட்கள் ஆறு பேரும் நேற்று மயிலக்கா காட்டில் இறங்கிச் செடி எண்ணினார்களாம். ஒருவர் காட்டை ஒருவர் பார்த்து ஜாமீன் சொல்வதுதான் அவர்கள் முறை. ஒருவர் தப்புச் செய்தால் ஏழு பேருடைய இயற்கை விவசாயச் சான்றிதழும் போய்விடும். அதனால் உறவு, பழக்கம் எதுவும் பார்க்க மாட்டார்கள். அறுநூற்று நாலு செடி. மழையில் பூ உதிர்ந்து நிற்கிற செடியில் ஆறாறு காய் எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறார்கள். ஒன்று, யாருக்கும் தெரியாமல் எதையோ அடித்துக் காய்க்க வைத்திருக்க வேண்டும். இல்லை, சந்தைக் காயை வாங்கித் தன் காய் என்று ஏற்றிவிட்டிருக்க வேண்டும். இரண்டில் எது என்றாலும் மூன்று வருஷம் குழுவுக்கு வெளியே. ஞாயிற்றுக்கிழமை, பதினாலாம் தேதி கூட்டம்.

"அந்தக்கா என்ன சொல்லுச்சு?" என்று கேட்டேன்.

"ஒண்ணுஞ் சொல்லல. எனக்கு அவரைக்காயப் பறிச்சுக் குடுத்துச்சு. மோர் குடுத்துச்சு. குடிச்சேன்" என்றார். அப்படிச் சொல்லிவிட்டு வண்டிச் சாவியை மேஜையில் வைத்தார். வழக்கமாக ஆணியில் மாட்டுவார்.

வாத்தியாருக்கு வேறு வேலை இல்லை. கல்யாணத்துக்கு வந்தோமா, சாப்பிட்டோமா, போனோமா என்று இல்லாமல்.

செப்டம்பர் 6, சனி

ஐந்து கிலோ புளியை உட்கார்ந்து கொட்டை எடுத்தேன். ஏற்கெனவே கொட்டை எடுத்த புளி அது.

செப்டம்பர் 8, திங்கள்

இவர் காலையில் டிபன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். "நீ சொல்றயா, நாஞ் சொல்லட்டுமா?" என்றார்.

"என்னத்தச் சொல்றது?"

"வண்டிய ஓட்டுனவன் நானு, குமுதா."

கத்தினேன். பதினஞ்சாம் தேதி கையெழுத்து, பதினாலாம் தேதி போய் நான் கள்ளத்தனம் செய்தேன் என்று சொல்ல வேண்டுமா? எட்டுப் பெண்களுக்கு வருஷம் முழுக்க வேலை. கலாமணி மகளுக்குக் காலேஜில் சேர இடம் கிடைத்திருக்கிறது. மயிலக்காவை வெளியே போட்டாலும் நான் அவளிடம்தான் காய் வாங்குவேன், நல்ல விலைக்கு, இன்னும் கூடப் போட்டுக்கூட வாங்குவேன். இவர் எல்லாவற்றையும் கேட்டார். "அந்தக்காவோட பேரு கெட்டது?" என்று மட்டும் கேட்டார்.

சரி. எழுதிவிடுகிறேன். இந்த டைரியைப் படிக்கப் போவது யார்? மயிலக்கா கொடுத்தது நாற்பத்தாறு கிலோ. மீதித் தொண்ணூற்றாறு கிலோவையும் நான்தான் மொத்த மார்க்கெட்டில் வாங்கினேன். பளபளவென்று ஒரு பொட்டுச் சொத்தை இல்லாத காய். அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெறும் சீட்டில் 142 என்று நான்தான் எழுதினேன். போர்டு வைக்கலாம் என்று சொன்னதும் நான்தான். அட்டையில் அவள் பேரைப் பார்த்துவிட்டுத்தான் அத்தனை பேரும் கேட்டு வாங்கித் தின்றார்கள்.

எழுதினால் பாரம் குறையும் என்பார்கள். குறையவில்லை.

செப்டம்பர் 10, புதன்

ஒரு நூல் சேலை வாங்கிக்கொண்டு செங்காட்டுப்புதூர் போனேன். மயிலக்கா கத்தரிச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள். சேலையை வரப்பில் வைத்தேன். பார்த்தாள், எடுக்கவில்லை.

"நாளன்னைக்குப் பீர்க்கங்கா எத்தன கிலோ வேணும்?" என்றாள்.

"அக்கா, கூட்டத்துல நீங்க சொல்லீருங்க. நாப்பத்தாறுதான் குடுத்தேன், மிச்சம் எனக்குத் தெரியாதுன்னு சொல்லீருங்க. நான் மறுக்க மாட்டேன்." வருகிற வழியெல்லாம் யோசித்துக் கண்டுபிடித்த வழி இது. அவள் சொன்னால் நான் மறுக்காமல் இருந்தால் போதும் அல்லவா.

மண்வெட்டியை நட்டு வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அன்னைக்கு எலையில வெச்சப்பவே தெரியும் அம்மிணி. எங் காயி வெந்தா இப்பிடித் தோலு வெறைச்சு நிக்காது. பக்கத்துல வாத்தியாரு உக்காந்திருந்தாரு, அந்தப் பக்கம் டாக்டரு நின்னாரு. உன்ற பொழப்பு நடக்கற எடத்துல நான் எதுக்கு வாயத் தொறக்கோணும்னு பல்லு வலின்னேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"வெறுஞ் சீட்டுல கையெழுத்துப் போட்டது எந் தப்பு. அத நாஞ் சொல்லுவேன். உன்ற தப்ப நீ சொல்லு. ரெண்டையும் நானே சொமக்க முடியாது. இந்தச் சேலய எடுத்துட்டுப் போ."

பேருந்தில் உட்கார இடம் இருந்தது. நின்றுகொண்டே வந்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிட பயமாக இருந்தது, அதுதான் இன்னும் வெட்கம்.

செப்டம்பர் 12, வெள்ளி

டாக்டரின் மேனேஜர் அக்ரிமென்ட்டை அனுப்பியிருக்கிறார். பதினோரு பக்கம். ஏழாம் பக்கத்தில் 'காய்கறிகள் பெயர் குறிப்பிடப்படும் விவசாயிகளிடமிருந்து மட்டுமே' என்று இருக்கிறது. இந்த வரியை நான்தான் போடச் சொன்னேன்.

செப்டம்பர் 13, சனி

கலாமணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரி வேலை போகலாம் என்றும் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியுமக்கா. வாளிதான் சொல்லுச்சே" என்றாள். "எம் புள்ள காலேஜ நான் பாத்துக்கறேன். அதச் சாக்கா வெச்சுப் போகாம இருந்திராதீங்க."

நான் சாக்கு வைப்பேன் என்று அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

கூட்டம் சமுதாயக் கூடத்தில். ஏழு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். எனக்கு எட்டாவது ஒன்று கொண்டுவந்து போட்டார்கள். இவர் வெளியே வண்டியில் இருந்தார்.

திருமலைசாமி போனை எடுத்துப் போர்டு படத்தைக் காட்டினார். "அறுநூத்தி நாலு செடி. நூத்தி நாப்பத்திரெண்டு கிலோ. கீழ உங்க கையெழுத்து. சொல்லுங்க மயிலாத்தா."

"கையெழுத்து என்னுதுதானுங்க வாத்தியாரே. வெறுஞ் சீட்டுல போட்டுக் குடுத்தேன். அது தப்பு" என்றாள் மயிலக்கா. என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"வெறுஞ் சீட்டுன்னா? எழுதுனது யாரு?"

இப்படியே விட்டால் கூட்டம் முடிந்துவிடும், நாளைக்குக் கையெழுத்து என்று அந்த நேரத்திலும் எனக்கு ஓடியது. அதையும் எழுதி வைக்கிறேன். பிறகு எழுந்து நின்றேன்.

"நானுங்க. அவங்க குடுத்தது நாப்பத்தாறு. மிச்சம் நான் மார்க்கெட்டுல வாங்குனது. அதுல அவங்க பேரப் போட்டது நானு."

திட்டுவார்கள் என்று நினைத்தேன். யாரும் திட்டவில்லை. ஒன்பது வருஷமாகத் தக்காளி கொடுக்கிற பழனாத்தாள், "எங்ககிட்டக் கேட்டிருந்தா பீர்க்கங்கா குடுத்திருப்பமே அம்மிணி" என்றாள். திட்டியிருக்கலாம்.

என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அரை மணி நேரம் பேசினார்கள். வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். இவர் கதவைத் திறந்து உட்காரச் சொன்னார், முடியவில்லை. கூப்பிட்டார்கள்.

மயிலக்கா குழுவில் இருப்பாள். வெறும் சீட்டில் கையெழுத்துப் போட்டதற்காகத் தை மாதம் வரை அவள் காய்க்குக் குழுவின் பேர் கிடையாது. எனக்கு ஒரு வருஷம் அவர்கள் யாரும் காய் தர மாட்டார்கள்.

"அப்ப நான் எப்பிடிங்க சமைக்கறது?"

"மார்க்கெட்டுல வாங்கிச் சமைங்க. அதுக்குத்தான் வழி தெரியுமே உங்களுக்கு" என்றார் திருமலைசாமி. அவர் குரலில் கேலி இல்லை. "ஆனா அட்டை வெக்கோணும். நிறுத்தக் கூடாது. யாரு காயின்னு தெரியாட்டி வாங்குனது யாருன்னாச்சும் போடுங்க. ஒரு வருஷம் உங்க பேரு அங்க இருக்கட்டும். அப்பறம் வாங்க, பேசலாம்."

செப்டம்பர் 15, திங்கள்

டாக்டர் நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பேனாவை மூடினார், திறந்தார், மூடினார். "நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றார். "ஆமாங்க" என்றேன். "என் பொண்ணு கல்யாணத்துலயா?" என்றார். கும்பிட்டுவிட்டு எழுந்தேன்.

சாயங்காலம் மேனேஜர் போன் செய்து அக்ரிமென்ட் காகிதத்தைத் திருப்பி அனுப்பச் சொன்னார். பதினோரு பக்கத்தையும் கவரில் போட்டு ஒட்டினேன். அழுகை வந்தது. கலாமணி வருவதைப் பார்த்து வெங்காயக் கூடைப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

செப்டம்பர் 18, வியாழன்

அச்சாபீஸ்காரர் புது அட்டைக்கு நான் எழுதி அனுப்பியதைப் பார்த்துவிட்டு இரண்டு முறை போன் செய்தார். தப்பா அனுப்பிட்டீங்களா மேடம் என்கிறார். தப்பு இல்லை, அப்படியே அடியுங்கள் என்றேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

ஒரு புதுமனை புகுவிழா, எண்பது இலை. புது வீட்டின் சொந்தக்காரரிடம் முன்னாலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டேன். முந்தைய இரண்டு பார்ட்டிகள் சொன்னதும் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். அந்த மனிதர் மட்டும், சாப்பாடு ருசியாக இருந்தால் போதும் என்றார். எண்ணெய்க் கத்தரிக்காய் கேட்டார்.

வண்டியில் பாத்திரம் ஏற்றும்போது கலாமணி லாஃப்டிலிருந்து நீல வாளியை எடுத்து வந்தாள். பக்கத்தில் வைத்துக்கொண்டு காயைக் கீறினாள். எல்லாம் மளமளவென்று முடிந்தது. வாளி காய்ந்தே இருந்தது.

பந்தியில் ஒரு பெரியவர் அட்டையை எடுத்துக் கண்ணாடி போட்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். "எண்ணெய்க் கத்தரிக்காய். மொத்த மார்க்கெட். வாங்கியவர் குமுதா. யாருங்க இந்தக் குமுதா?"

"நான்தானுங்க" என்று சொல்லிவிட்டு அவருக்குக் கொஞ்சம் ரசம் ஊற்றினேன். காய் நன்றாக இருக்கிறது என்றார்.

எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின் நாங்கள் உட்கார்ந்தோம். இவர், எட்டுப் பெண்கள், நான். கலாமணிதான் பரிமாறினாள். பசி. சோறு, பருப்பு, பொரியல், அப்பளம் எல்லாம் சாப்பிட்டேன். மோருக்கு அவள் திரும்பி வந்தபோது என் இலையைப் பார்த்தாள். கத்தரிக்காய் இரண்டும் வைத்தபடியே ஓரத்தில் இருந்தன.

"என்னக்கா, பல்லு வலியா?"

"இல்ல" என்றேன்.